நெத்தி லைட் தட்டினால்தான் எரிகிறதா? கரண்ட் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை

பனமரத்துப்பட்டிப் பக்கம் விடிவதற்கு முன்பே அரளி மொட்டுப் பறிக்கப் போகிறவர் தலையில் லைட் மங்குகிறது. கை தானாகப் பின்மண்டைக்குப் போய் பேட்டரி டப்பாவை ஒரு தட்டுத் தட்டும். பளிச்சென்று வெளிச்சம் வரும். பத்து நிமிஷம் கழித்து மறுபடி மங்கும். காலையில் கடைக்குப் போய் புது செல் வாங்கிப் போட்டால் இரண்டு நாள் நன்றாக எரியும், மூன்றாம் நாள் பழைய கதைதான்.

தட்டினால் எரிகிற லைட்டில் பெரும்பாலும் செல் நன்றாகவே இருக்கும். தீர்ந்துபோன செல்லை எத்தனை தட்டுத் தட்டினாலும் அதில் கரண்ட் ஊறாது. செல்லில் இருந்து பல்பு வரைக்கும் போகிற வழியில், ஸ்பிரிங்கிலோ ஒயரிலோ பட்டனிலோ, எங்கேயோ பிடி விட்டிருக்கிறது. புது செல் போட்டதும் இரண்டு நாள் எரிந்ததற்குக் காரணம், கழற்றி மாட்டும்போது ஸ்பிரிங் உரசிக் கொஞ்சம் சுத்தமானதுதான். அதற்காக ஒரு செல்லின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

பூப்பறிக்க, ராத்திரி மோட்டார் கரண்ட் வரும்போது மடை மாற்ற, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் இருட்டில் நடக்க, ஹெல்மெட்டில் கிளிப் போட்டு மாட்டிக்கொள்ள என்று நம் பக்கம் புழங்குகிற லைட்டுகள் எல்லாவற்றுக்கும் கீழே சொல்லும் முறை பொருந்தும். காட்டெருமை இறங்குகிற நாகலூர், வெள்ளக்கடைப் பாதைகளில் லைட் நடுவழியில் அணைவது சின்ன விஷயம் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கையில் இருப்பது எந்த வகை?

மூன்று வகைதான் அதிகம்.

ஒன்று, 18650 லித்தியம் செல் போட்டது. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், பென்சில் செல்லைவிடக் குண்டாக இருக்கும். பின்மண்டையில் ஒன்றோ இரண்டோ செல் உள்ள டப்பா, அங்கிருந்து நெற்றிக்கு ஒரு ஒயர், யூஎஸ்பி சார்ஜிங். நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்கு வந்தால் காலி என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, சந்தையில் விற்கும் 4 வோல்ட் லெட் ஆசிட் லைட். பின்பக்கத்தை இழுத்தால் இரண்டு முள் வெளியே வரும், நேராகச் சுவர் பிளக்கில் சொருகலாம். தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கும். இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம். அதைப் படிக்காமல் இந்த வகையைத் திறக்க வேண்டாம்.

மூன்று, ரிமோட் செல் மூன்று போடுவது. புது செல் மூன்றும் சேர்ந்து 4.5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் காட்டும். சார்ஜ் செய்கிற நிக்கல் செல் போட்டால் 3.6 வோல்ட்தான் வரும், அதனால் வெளிச்சம் ஒரு படி குறைவாகவே இருக்கும். அது கோளாறில் சேராது.

தேவையான சாமான்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று; எலக்ட்ரிக் கடைகளில் தொங்கும் சின்ன மஞ்சள் மீட்டரே போதும். 25 வாட் சால்டரிங் அயன், ரோசின் கலந்த ஈயம், 400 நம்பர் உப்புத்தாள், ஐசோபுரொபைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், ஹீட் ஸ்லீவ், சின்ன ஸ்டார் ஸ்குரூ டிரைவர். மாற்ற வேண்டி வந்தால் 24 கேஜ் சிலிக்கான் ஒயர் அரை மீட்டர். இந்தச் சாமான்களின் செலவைவிட, அளந்து பார்க்காமல் மாற்றுகிற செல்களின் செலவுதான் நாளடைவில் அதிகமாகிவிடும்.

லைட்டை எரியவிட்டு மூன்று இடத்தில் அளக்க வேண்டும்

பலரும் செல்லைக் கழற்றி மீட்டரில் வைத்து, "4 வோல்ட் காட்டுது, செல் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சும்மா இருக்கும் செல் கிட்டத்தட்ட எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். சுமை ஏற்றினால்தான் குணம் வெளிப்படும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, செல்லை முழுதாக சார்ஜ் செய்து, முதலில் அணைந்த நிலையில் ஒரு அளவு எடுங்கள். பிறகு லைட்டை அதிக வெளிச்சத்தில் எரியவிட்டு, அரை நிமிஷம் விட்டு, மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் இடம், டப்பாவுக்குள் செல்லின் இரண்டு முனை. மீட்டரின் முள் செல்லின் உலோகத்தையே தொட வேண்டும், ஸ்பிரிங்கைத் தொடக் கூடாது. இரண்டாவது, டப்பாவில் இருந்து ஒயர் கிளம்பும் இரண்டு ஈயப் புள்ளிகள். மூன்றாவது, நெற்றிப் பக்கம் லைட்டைத் திறந்தால் அதே ஒயர் போர்டில் வந்து சேரும் புள்ளிகள்.

ஒரு உதாரணம். அணைந்த நிலையில் 4.05. எரியும்போது செல்லில் 3.95, டப்பா வாசலில் 3.55, லைட் போர்டில் 3.45. இதில் செல் 0.10 வோல்ட்தான் இறங்கியிருக்கிறது, ஆரோக்கியமான செல். ஒயரில் போனதும் 0.10, மெல்லிய ஒயருக்கு அது சகஜம். செல்லுக்கும் டப்பா வாசலுக்கும் நடுவில் மட்டும் 0.40 காணாமல் போயிருக்கிறது. அங்கே இருப்பது இரண்டு ஸ்பிரிங்கும் அவற்றின் ஈயமும். தேட வேண்டிய இடம் ஒரு விரற்கடைக்குள் சுருங்கிவிட்டது பாருங்கள்.

வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தேவை. வழியில் அரை வோல்ட் தொலைந்தால், செல்லில் பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே வெளிச்சம் சொத்தென்று விழுந்துவிடும். "புதுசா வாங்கினப்போ நாலு மணி நேரம் எரிஞ்சுது, இப்போ ஒன்றரை மணி நேரம்தான்" என்ற புகாரில் பாதிக்கு மேல் இந்தக் கணக்குதான் ஒளிந்திருக்கும்.

அளவைப் படிக்கும்போது மனதில் வைக்க வேண்டியவை: அதிக வெளிச்சத்தில் பெரும்பாலான லைட்டுகள் 1 ஆம்பியர் அளவில் இழுக்கும். அப்போது செல் 0.3 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் செல் கிழடு தட்டிவிட்டது, மாற்றலாம். ஸ்பிரிங் பக்கம் 0.05-க்கு மேல் போனால் சுத்தம் செய்ய வேண்டும். ஒயரில் 0.2-க்கு மேல் போனால் உள்ளே நரம்பு அறுந்திருக்கிறது. மூன்று இடத்திலும் அளவு சரியாக இருந்தும் வெளிச்சம் இல்லை என்றால் பட்டனோ போர்டோ எல்இடியோதான்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மீட்டரின் ஒரு முள்ளைச் செல்லின் மைனஸிலும், மற்றதை அதே மைனஸ் ஸ்பிரிங்கின் அடி ஈயத்திலும் வையுங்கள். அந்த ஒரு இணைப்பில் எவ்வளவு தொலைகிறது என்பது நேராகவே தெரிந்துவிடும். லைட் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அணைந்திருந்தால் எல்லா இணைப்பும் பூஜ்யம்தான் காட்டும்.

ஸ்பிரிங்

வியர்வையும் பனியும் மண்ணும் சேர்ந்து முதலில் தின்பது இதைத்தான். பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும், செல் உட்காரும் கடைசிச் சுற்றில் பழுப்பாக ஒரு வளையம் தெரியும். அந்த வளையம்தான் தடை. 400 நம்பர் உப்புத்தாளை விரல் நுனி அளவு கிழித்து, அந்தச் சுற்றிலும் செல்லின் இரு முகத்திலும் நாலு தேய்ப்பு, பிறகு ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பு. முரட்டுத் தாளில் தேய்த்தால் முலாம் முழுக்கப் போய், அடுத்த மாதமே துரு ஏறும்.

அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங்கை மூக்குக் குறடால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மெதுவாக இழுத்துவிடலாம். அதற்கு மேல் இழுத்தால் அடி ஈயம் பெயரும்.

சுத்தம் செய்தும் 0.1 வோல்ட்டுக்குக் கீழே வராவிட்டால், ஸ்பிரிங்கின் உச்சியையும் அடியையும் ஒரு மெல்லிய, வளைந்து கொடுக்கும் செம்பு ஒயரால் இணைத்து ஈயம் வைத்துவிடுங்கள். கரண்ட் சுருள் வழியாகச் சுற்றாமல் செம்பு வழியாகப் போகும். ஸ்பிரிங்குக்கு அழுத்துகிற வேலை மட்டும் மிச்சம். ஒயர் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், இழுத்துக் கட்டினால் ஸ்பிரிங் அமுங்காது.

ரிமோட் செல் வகையில் செல் கசிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. செல்லின் மேல் ஆல்கலைன் என்று போட்டிருந்தால் கசிவு காரம், எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைத்து இளகும். விலை குறைந்த சாதா செல்லின் கசிவு லேசான அமிலம், அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். மாற்றித் தடவினால் அழுக்கு போகலாம், ஆனால் கசிவு உள்ளுக்குள் அரிப்பது நிற்காது. எதைத் தடவினாலும் கடைசியில் ஆல்கஹாலால் கழுவி முழுதாகக் காயவிட வேண்டும்.

ஒயர்

பின் டப்பாவை விட்டு ஒயர் வெளியே வருகிற அந்த ஓட்டைதான் அதிகம் அறுகிற இடம். தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அங்கே மடங்குகிறது. உறை அப்படியே இருக்கும், உள்ளே நரம்பு ஒவ்வொன்றாக அறுந்து கடைசியில் இரண்டு மூன்று மட்டும் தொங்கும். லைட்டை எரியவிட்டு அந்த இடத்தை இரு விரலால் பிடித்து நாலு பக்கமும் வளைத்துப் பாருங்கள். கண் சிமிட்டினால் அங்கேதான்.

ஓட்டையில் இருந்து 5 சென்டிமீட்டர் ஒயரை வெட்டி எறிந்துவிட்டு, புது நுனியை சீவிப் பாருங்கள். செம்பு சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்திருந்தால் வியர்வை உறைக்குள் ஏறி நரம்போடு ஊர்ந்து போயிருக்கிறது. இன்னும் ஒரு விரல் வெட்டுங்கள், சில சமயம் முழு ஒயரும் அப்படித்தான் இருக்கும். கறுத்த நரம்பில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, மேலே உருண்டையாக நின்று ஏமாற்றும்.

சிவப்பாகத் தெரிந்தும் ஈயம் ஒட்டவில்லையா? பிளேடால் ஒரு நரம்பைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவு ஒயர். அதோடு போராட வேண்டாம், முழுதாக மாற்றிவிடுங்கள். 24 கேஜ் போதுமானது. லைட்டோடு வருகிற 28 கேஜ் ஒயரில், போக வர 60 சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியரில் சுமார் 0.13 வோல்ட் தொலையும். 24 கேஜில் அது 0.05 அளவுக்கு இறங்கிவிடும். ஸ்பிரிங் பாலமும் இந்த ஒயரும் சேர்ந்தே பழைய லைட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் கொண்டுவரும்.

மாட்டும்போது டப்பாவின் உள்பக்கம் ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு ஈயம் வையுங்கள். வெளியே இழுத்தால் முடிச்சு தாங்கும், ஈயத்துக்கு இழுவை போகாது. ஓட்டையில் கொஞ்சம் ஹாட் குளூ, வெளியே 3 சென்டிமீட்டர் ஹீட் ஸ்லீவ். குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசையைத் தொடவே வேண்டாம். இன்று நன்றாக ஒட்டும், ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பாக நிற்கும்.

பட்டனும், அணைத்து வைத்தும் தீர்கிற செல்லும்

ரப்பர் மூடிக்குக் கீழே 6 மில்லிமீட்டர் சதுரத்தில் நாலு கால் உள்ள சின்ன சுவிட்ச் இருக்கும். அமுக்கும்போது க்ளிக் சத்தம் கேட்டும் லைட் வரவில்லை என்றால், செல்லைக் கழற்றிவிட்டு மீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து மூலைக்கு மூலை குறுக்காக உள்ள இரண்டு கால்களைத் தொட்டு அமுக்குங்கள். அமுக்கும்போது பீப், விட்டால் மௌனம். இதில் எது மாறினாலும் சுவிட்சை மாற்ற வேண்டியதுதான். பத்து ரூபாய்க்குள் முடிகிற பொருள்.

முழு சார்ஜில் வைத்த லைட் இரண்டு வாரத்தில் காலியாகிறதா? க்ளிக் பட்டன் வகையில் போர்டு எப்போதும் அரைத் தூக்கத்தில் இருக்கும், கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். செல்லின் பிளஸ் முனைக்கும் டப்பாவின் பிளஸ் தகட்டுக்கும் நடுவில் மீட்டரை மில்லிஆம்பியர் நிலையில் நுழைத்துப் பாருங்கள். அப்போது பட்டனை அமுக்கிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 0.1 மில்லிஆம்பியருக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 1 மில்லிஆம்பியர் என்றால் 2000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, செல்லின் கொள்ளளவு) செல் 83 நாளில் காலி. 5 என்றால் 17 நாள் கூட நிற்காது. பெரும்பாலும் பட்டனுக்கு அடியில் ஈரமும் உப்பும் படிந்து கசிகிற கரண்ட்தான் இது. போர்டை ஆல்கஹாலும் பிரஷும் கொண்டு கழுவிக் காயவைத்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் வேலை முடிந்ததும் டப்பா மூடியைத் திறந்து, பிளஸ் முனையில் ஒரு துண்டு பிளாஸ்டிக் வைத்துவிடுவது சுலபமான வழி.

யூஎஸ்பியில் சார்ஜ் ஏறவில்லை என்றால்

முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். அதே கேபிளில் போன் ஏறுகிறதா என்று பாருங்கள். ஆனால் டைப் சி லைட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. இரண்டு முனையும் டைப் சி ஆக உள்ள கேபிளில், புது போன் சார்ஜரில் மாட்டினால் மலிவு லைட் பலவும் அசையாது. அந்த வகை சார்ஜர், எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதைப் பார்த்த பிறகே 5 வோல்ட்டைத் திறந்துவிடும். செலவைக் குறைக்க லைட் செய்கிறவர்கள் அந்த இரண்டு ரெசிஸ்டரையும் விட்டுவிடுகிறார்கள். பழைய சதுர முனை சார்ஜரும், ஒரு பக்கம் சதுரம் மறுபக்கம் டைப் சி உள்ள கேபிளும் போட்டால் ஏறும். "சார்ஜிங் போச்சு" என்று தூக்கிப் போடப்படுகிற லைட்டுகளில் இப்படி ஒன்றுமே ஆகாதவையும் உண்டு.

உள்ளே பெரும்பாலும் டிபி4056 என்ற சிப்தான் இருக்கும். அதன் நடத்தை தெரிந்தால் விளக்கைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். சிவப்பு நிலையாக எரிந்தால் ஏறுகிறது. பச்சையோ நீலமோ என்றால் முடிந்தது. மாட்டிய உடனே பச்சை வந்தால் இரண்டே காரணம்: செல் உண்மையிலேயே நிறைந்திருக்கிறது, அல்லது செல் தொடவே இல்லை. சிவப்பு படபடவென்று துடித்தால் செல் இணைப்பில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம், திரும்பவும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் இந்த சிப் வழக்கமான வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் கொடுக்கும். அதனால் ஆழமாகக் காலியான செல் முதல் அரை மணி நேரம் ஏறாதது போலவே தெரியும். பொறுங்கள்.

செல்லின் முனையில் மீட்டர் 0 வோல்ட் காட்டினால் உடனே எறிந்துவிட வேண்டாம். பாதுகாப்புப் போர்டு உள்ள செல் ரொம்பவும் காலியானாலோ ஷார்ட் ஆனாலோ தானே கதவைச் சாத்திக்கொள்ளும்; சார்ஜரில் போட்டதும் திறந்துகொள்ளும். போர்டு இல்லாத வெறும் செல்லே 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மட்டும் அதை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். உள்ளே செம்பு கரைந்து படிந்திருக்கும், சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வழி இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத சூடு, இனிப்பான ஸ்பிரிட் வாசனை, வீக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அப்படித்தான், வீட்டுக்கு வெளியே வெறும் தரையில் கொண்டுபோய் வையுங்கள்.

சேலத்தில் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பகலில் சார்ஜ் போடுவதும் நல்லதில்லை. லித்தியம் செல்லுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. மதியம் தகரத்துக்கு அடியில் அது சாதாரணமாகத் தாண்டும். சாயந்திரம் தாண்டிப் போடுங்கள்.

சுவர் பிளக்கில் சொருகும் 4 வோல்ட் லைட்

இதற்குள் டிரான்ஸ்பார்மர் கிடையாது. 230 வோல்ட் ஒரு கெபாசிட்டர் வழியாக இறங்கி, நாலு 1என்4007 டையோடு வழியாக நேராக பேட்டரிக்குப் போகிறது. அதாவது பிளக்கில் இருக்கும்போது உள்ளே இருக்கும் பேட்டரி, ஒயர், எல்இடி, தகடு எதைத் தொட்டாலும் வீட்டு லைன் கரண்டைத் தொடுவது போலத்தான். சார்ஜில் இருக்கும்போது தலையில் மாட்டுவது, ஈரக்கையால் பட்டனைத் தொடுவது, மூடி உடைந்த லைட்டைச் சொருகுவது எதுவும் கூடாது. மீட்டர் வைத்து அளப்பதும் பிளக்கில் இருந்து எடுத்த பிறகுதான். கெபாசிட்டர் மேல் இருக்கும் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போயிருந்தால், பிளக்கை உருவிய பிறகும் முள்ளில் ஷாக் இருக்கும். திறந்ததும் கெபாசிட்டரின் இரு காலையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரால் ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சிவப்பு விளக்கு எரிவதை வைத்து சார்ஜ் ஏறுகிறது என்று நினைப்பதுதான் இந்த வகையில் பெரிய ஏமாற்று. பெரும்பாலானவற்றில் அந்த விளக்கு லைன் கரண்ட் வந்திருப்பதை மட்டும்தான் சொல்லும். பேட்டரி செத்திருந்தாலும் எரியும்.

பேட்டரியைச் சோதிக்க: முழுதாக ஏற்றி, பிளக்கை உருவி, ஒரு மணி நேரம் சும்மா வைத்து அளங்கள். 4.2-க்கு மேல் இருந்தால் நல்லது. 4.0-க்குக் கீழே என்றாலோ, லைட் போட்ட சில நிமிஷத்தில் 3.5-க்கு விழுந்தாலோ உள்ளே சல்பேட் படிந்துவிட்டது. காலியாகவே மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் இதுதான் கதி. இதற்கு மருந்து கிடையாது, அதே அளவு 4 வோல்ட் பேட்டரி வாங்கிச் சிவப்பைப் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் மாற்றிவிடலாம்.

பேட்டரி புதிதாக இருந்தும் ராத்திரி முழுக்கப் போட்டால் கூட நிறையவில்லையா, கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள். மேலே 105ஜே என்று இருந்தால் 1 மைக்ரோஃபாரட், அதன் வழியாக 70 மில்லிஆம்பியர் சுமாராக வரும். 684ஜே என்றால் 50-க்குக் கொஞ்சம் கீழே, 474ஜே என்றால் 35-க்குக் கொஞ்சம் கீழே. கரண்ட் ஏற்ற இறக்கம் அதிகமுள்ள கிராமத்து லைனில் ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் இந்தக் கெபாசிட்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், வெளியே பார்க்க எதுவும் தெரியாது. மீட்டரில் கெபாசிட்டர் அளவு இருந்தால் சோதித்து, அதே எண், 400 வோல்ட் போட்டதாகப் பார்த்து மாற்றுங்கள்.

இந்த சர்க்யூட்டுக்கு நிறைந்ததும் நிறுத்தத் தெரியாது. 105ஜே கெபாசிட்டர் உள்ளதில் 1 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 16 மணி நேரம் போல ஆகும், அரை ஆம்பியர்-மணி என்றால் அதில் பாதி. இரண்டு நாள் சொருகியே விட்டால் உள்ளே வற்றி வீங்கும். அப்படியிருக்க, சிலர் செத்த லெட் ஆசிட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் 18650 செல்லை வைத்து ஈயம் போட்டுவிடுகிறார்கள். 4 வோல்ட்டும் 3.7 வோல்ட்டும் பக்கத்தில்தானே என்று தோன்றும். லித்தியம் செல் 4.2-ல் கண்டிப்பாக நிற்க வேண்டும், இந்த சர்க்யூட் நிறுத்தாது. தூங்கும் அறையில் சார்ஜ் போடுகிற பொருளில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

ஏற்காட்டுப் பனி

மார்கழி தை மாதங்களில் மேலே லைட் படுத்தால் எல்லோரும் குளிரைத்தான் சொல்வார்கள். லித்தியம் செல்லுக்கு அந்தக் குளிர் பெரிதாக ஒன்றும் செய்யாது. உறைநிலைக்குப் பக்கத்தில் போனால்தான் அது தளரும். அங்கே கெடுப்பது ஈரம். மேகம் இறங்கிய தோட்டத்தில் மூன்று மணி நேரம் நடந்து குளிர்ந்துபோன லைட்டை, அடுப்பு எரிகிற வீட்டுக்குள் கொண்டுவந்ததும் டப்பாவுக்கு உள்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். அந்த நேரம் பார்த்து சார்ஜில் போட்டால் யூஎஸ்பி வாய்க்குள் களிம்பு ஏறத் தொடங்கிவிடும். செல்லை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்ட பிறகு சார்ஜ் போடுங்கள். அரிசியில் புதைத்து வைப்பதால் பலன் இல்லை, மாவுத் தூசிதான் உள்ளே போகும்.

மூடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் ஒரு அரிசி அளவு. தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள், ஏற்காட்டில் காலை நேரம் அந்த எண்ணெய் பாட்டிலில் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்தால் போதும்.

கோளாறு மாதிரித் தெரிகிறவை

அதிக வெளிச்சத்தில் போட்ட மூன்று நாலு நிமிஷத்தில் தானாக ஒரு படி குறைந்தால், சூட்டைத் தணிக்கப் போர்டு செய்கிற வேலை அது. இரண்டு மூன்று தடவை சிமிட்டிவிட்டு அணைந்தால் செல் காலி என்ற எச்சரிக்கை. ஆனால் முழு சார்ஜில், அதிக வெளிச்சத்தில் மட்டும் சிமிட்டி, குறைந்த வெளிச்சத்தில் நன்றாக எரிந்தால் அந்தச் செல் சுமை தாங்கவில்லை. மூன்று இட அளவில் அது தெரிந்துவிடும்.

செல் வாங்கும்போது

9900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 பொய். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நல்ல செல் 2000-ல் இருந்து 3500-க்குள்தான். எடையே காட்டிக்கொடுக்கும்: நல்லது 45 கிராம் பக்கத்தில் இருக்கும், 30 கிராமுக்கு வந்தால் உள்ளே பாதி காற்று. உறையில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறி, ஐஎஸ் 16046 என்ற எண், ஆர் என்று தொடங்கும் பதிவு எண் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். பாதுகாப்புப் போர்டு வைத்த செல் 69, 70 மில்லிமீட்டர் நீளம் வரும்; உங்கள் டப்பாவில் நுழையுமா என்று பழைய செல்லைக் கையில் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம். அழுத்தி நுழைத்தால் ஸ்பிரிங் நசுங்கும், திரும்பவும் முதல் பாடத்தில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டு செல் டப்பாவில் இரண்டும் ஒரே திசையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் இணையாக இணைத்திருப்பார்கள். அதில் புதியதும் பழையதும் கலக்க வேண்டாம். போடுவதற்கு முன் இரண்டையும் அளந்து, வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் நிறைந்த செல் காலியானதற்குள் கட்டுப்பாடில்லாமல் கொட்டும். ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் நேரடி ஷார்ட், உறை உருகுகிற அளவுக்குச் சூடு வரும்.

ஸ்பேர் செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். வேலை இல்லாத பருவத்தில் எடுத்து வைக்கிற லித்தியம் செல்லை 3.7, 3.8 வோல்ட்டில் வையுங்கள். 4 வோல்ட் லெட் ஆசிட்டை மட்டும் எப்போதும் முழுதாக ஏற்றி வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி ஏற்றுங்கள்.

செத்த செல்லுக்கும் முனையில் டேப் ஒட்டித்தான் எடுத்து வைக்க வேண்டும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைக் குப்பையில் போடக் கூடாது, தயாரித்தவர்கள் திரும்பப் பெற்றாக வேண்டும். கடையில் வாங்க மறுத்தால் மின் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். சருகோடு சேர்த்துத் தோட்டத்து ஓரத்தில் கொளுத்துவதுதான் வழக்கமாக நடக்கிறது; லித்தியம் செல் நெருப்பில் வெடித்துப் பத்தடி தூரம் தெறிக்கும்.